மேலகரத்து நாடி

ழூல் ரொமேன் எழுதிய 'க்னாக்' என்ற பிரெஞ்சு நாடகம் 1923 டிசம்பர் 15ஆம் தேதி பாரிஸில் முதன்முதலாக மேடையேறியது. லூயி ழூவே நாடகத்தை இயக்கி, டாக்டர் க்னாக்காக அவரே நடிக்கவும் செய்தார். பிற்பாடு இரண்டு தடவை சினிமாவிலும் அதே வேஷத்தைக் கட்டினார். கதை சின்னது. மலைப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பார்ப்பலே என்ற வயதான டாக்டர், வரும்படி இல்லாத தன் தொழிலை ஒரு புது ஆளுக்கு விற்றுவிட்டுப் போகிறார். ஊரில் யாருக்கும் நோய் இல்லை. அல்லது, தனக்கு நோய் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை. க்னாக் மாற்றுவது இதை மட்டும்தான். சந்தை நாளன்று இலவசமாக உடம்பைப் பார்த்துச் சொல்லப்படும் என்று தமுக்கு அடிக்க வைக்கிறான். பள்ளிக்கூட வாத்தியாரைப் பிடித்துக் கிருமிகளைப் பற்றிப் பிரசங்கம் செய்யச் சொல்கிறான். மருந்துக் கடைக்காரனைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்கிறான். மூன்று மாதம் கழித்து, தவணைப் பணம் வாங்கப் பார்ப்பலே வரும்போது ஊர் ஹோட்டல் ஆஸ்பத்திரியாக மாறியிருக்கிறது. இரவு பத்து மணிக்கு இருநூற்றைம்பது தெர்மாமீட்டர்கள் ஒரே சமயத்தில் ஊர் ஜனங்களின் காய்ச்சலை அளக்கின்றன. கடைசியில் பார்ப்பலேயும் தன் உடம்பைப் பற்றிச் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்.

நாடகத்தில் ஒரு காட்சியை மட்டும் இங்கே நிறுத்திப் பார்க்கவேண்டும். கறுப்பு உடை உடுத்த ஒரு பண்ணைக்காரி வருகிறாள். இலவசம் என்றதால் வந்தவள். சின்ன வயதில் ஏணியிலிருந்து விழுந்ததுண்டா என்று கேட்கிறான் க்னாக். விழுந்திருக்கலாம் என்று அவளுக்கே தோன்றத் தொடங்குகிறது. ஏணி எவ்வளவு உயரம், எப்படிச் சாய்த்திருந்தது, எந்தப் பக்கமாக விழுந்தாள் என்பதையெல்லாம் அவனே சொல்லிக்கொண்டு போகிறான். அவள் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்கிறாள். பிறகு, கன்றுக்குட்டி இப்போது என்ன விலை, கொழுத்த பன்றி என்ன விலை என்று விசாரித்து, சிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டு பன்றியும் இரண்டு கன்றும் ஆகும் என்கிறான். சிரிக்கிறோம். சிரித்து முடிந்த பிறகும் ஏதோ ஒன்று தொண்டையில் நிற்கிறது.

நம் வாரப் பத்திரிகைகளின் டாக்டர் ஜோக்கில் அப்படி ஒன்றும் நிற்பதில்லை. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து நோயாளி ஓடுவான். டாக்டர் கத்தரிக்கோலை வயிற்றிலேயே மறந்து வைத்துவிடுவார். நர்ஸ் ஒரு வார்த்தை சொல்வாள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இதே சரக்கு. சபா நாடகங்களும் இதையே கைமாற்றாக வாங்கிக் காலட்சேபம் செய்தன. இந்த நகைச்சுவைக்கு மூலதனம் ஒரு பழமொழி: ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன். பண்டிதர்களுக்கு இது பொறுக்கவில்லை. 'வேரைக் கொன்றவன்' என்பதுதான் மூலம், ஆயிரம் மூலிகைகளைக் கையாண்டவன் என்று பொருள் எனத் திருத்தம் கொடுத்தார்கள். மொழியாராய்ச்சியாக அது சரியாகக்கூட இருக்கட்டும். வாய்தவறிய ஜனங்கள் தெரிந்தே தவறினார்கள் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் பழமொழியும் சரி, ஜோக்கும் சரி, டாக்டரை முட்டாளாகவோ கொலைகாரனாகவோதான் பார்க்கின்றன. நோயாளி வெறும் பலி. அவன் ஏன் தானாக நடந்து வந்து, கையை நீட்டி, பணத்தையும் கொடுத்துவிட்டுப் போகிறான் என்ற கேள்வி அங்கே கிடையாது.

மோலியேர் அந்தக் கேள்வியைத் தொட்டவர். அவருடைய 'கற்பனை நோயாளி'யில் அர்கான் என்ற பணக்காரனுக்கு நோயே சொத்து. யாராவது அவன் சுகமாயிருப்பதாகச் சொல்லிவிட்டால் கோபம் வருகிறது. வீட்டு வேலைக்காரி டாக்டர் வேஷம் போட்டு வந்து, எந்த அறிகுறியைச் சொன்னாலும் எல்லாம் நுரையீரல்தான் என்று ஒரே பதிலாகச் சொல்லுகிறாள், அவன் நம்புகிறான். 1673 பிப்ரவரி 17 அன்று, நான்காவது தடவையாக நடந்தபோது, நிஜமாகவே நெஞ்சுநோய் கண்டிருந்த மோலியேர் அர்கானாக நடித்துக்கொண்டிருக்கையில் நிலைகுலைந்து, வீட்டுக்குக் கொண்டுபோன சில மணி நேரத்தில் இறந்தார். இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் அந்த நாடகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நானும் சொல்லிவிட்டேன். இருந்தாலும் மோலியேரின் டாக்டர்கள் லத்தீனும் அங்கியும்தான். அங்கியைக் கழற்றினால் உள்ளே ஒன்றுமில்லை. இருநூற்றைம்பது வருஷம் கழித்து வந்த க்னாக் அப்படியல்ல. அவன் தன் சாஸ்திரத்தை நம்புகிறவன். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தாலே பரிசோதனை செய்யத் தோன்றிவிடுகிறது, அதனால் பார்ப்பதைத் தவிர்க்கிறேன் என்று சொல்லுகிறவன். ஏமாற்றுகிறவன் என்றால் அவனைப் பிடித்து போலீஸில் கொடுத்துவிடலாம். நம்புகிறவனை என்ன செய்வது?

தமிழில் இதுபோல ஒரு நாடகம் கிடையாது என்று நம் நண்பர்கள் அடிக்கடி குறைப்படுவதுண்டு. நவீன நாடகம் பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தாலும் இந்தப் புலம்பல் கட்டாயம் உண்டு. எனக்கு இந்தப் புலம்பலில் சம்மதமில்லை. தாமிரபரணிப் படுகையில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் மேலகரம் என்ற ஊர் இருக்கிறது. 2019இல் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிகிறவரை திருநெல்வேலி ஜில்லா. குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாக ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. வைத்தியனின் அதிகாரத்தையும் அதை வாங்கத் துடிக்கிற மனித மனத்தையும் பற்றித் தமிழில் எழுதப்பட்ட இரண்டு பெரிய ஹாஸ்யங்களும் இந்த ஒரு ஊரைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் நடுவே இருநூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஒன்று மேடைக்காகவே எழுதப்பட்டது. மற்றது சிறுகதை.

முதலில் இந்தப் படுகையைப் பற்றிக் கொஞ்சம். தாமிரபரணி பொதிகையில் பிறக்கிறது. பொதிகையில் அகஸ்தியர் இருக்கிறார். தமிழுக்கும் அவர்தான் ஆசான், சித்த வைத்தியத்துக்கும் அவர்தான் ஆசான். அகஸ்தியர் பேரால் புழங்குகிற வைத்திய நூல்களின் பாஷையைப் பார்த்தாலே அவை எவ்வளவு பிற்காலத்தவை என்று தெரியும். ஆனால் பேர் அகஸ்தியர் பேர். கஷாயத்தின் காரம் வேரில் பாதி, அந்தப் பேரில் பாதி. அருவியில் குளித்தால் பித்தம் போகும், பைத்தியம் தெளியும் என்பதற்கு இங்கே யாரும் சான்று கேட்டதில்லை. எந்த அதிகாரமும் முதலில் ஒரு மலையில் போய் உட்கார்ந்துகொள்ளும்போலிருக்கிறது. க்னாக்கின் ஊரும் மலையூர்தான்.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதரின் காலத்தவர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதி. குற்றாலக் குறவஞ்சிக்காக அவருக்குக் கிடைத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். இன்றைக்குக் கல்லூரிகளில் இதைத் தொண்ணூற்றாறு பிரபந்தங்களில் ஒரு இனத்துக்கு உதாரணமாகப் பாடம் சொல்கிறார்கள். ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே இருந்துகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இதன் பாட்டுக்களைப் படித்துக் காட்டி ருசி ஏற்படுத்தினார். அந்தக் கைங்கரியம் சிறியதல்ல. ஆனால் ருசி பார்க்கப்பட்டது பாட்டு பாட்டாகத்தான். நாடகமாக இதில் என்ன நடக்கிறது என்று நாம் கேட்கவேயில்லை.

நடப்பது இதுதான். திரிகூடநாதர் பவனி வருகிறார். பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்க்கிறாள், மயங்கி விழுகிறாள். தோழிகள் கூடிச் சந்தனத்தைக் குழைத்துப் பூசுகிறார்கள், விசிறுகிறார்கள், குளிர்ச்சி என்று தெரிந்த சகலமும் செய்கிறார்கள். உஷ்ணம் அதிகமாகிறது. இலக்கணப் புலவர்கள் சொல்லும் விரகதாபம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். மேடையில் இது ஒரு தோற்றுப்போன சிகிச்சை. வீட்டு வைத்தியம் கைவிட்ட இடத்தில்தான் வெளியிலிருந்து ஆள் வரவேண்டும். கூடையும் மாத்திரைக்கோலுமாகக் குறத்தி வருகிறாள். (கோலுக்கு அந்தப் பேர் எப்படியோ வந்தது, நமக்கு இன்று மாத்திரை என்றால் வேறு ஞாபகம் வருகிறது.)

வந்தவுடன் கையைப் பார்ப்பதில்லை. முதலில் தன் மலையைப் பற்றிப் பேசுகிறாள். வானத்தில் நடக்கிற சித்தர்கள் காயசித்திக்காக வந்து போகிற மலை அது. பிறகு நாடு, ஊர், சுவாமி. அதன்பின் தன் குறிகள் பலித்த சரித்திரம்: குற்றாலக் கோயிலில் திருப்பணி செய்த பெரிய மனிதர்களின் பேர்களையே சான்றாக அடுக்குகிறாள், கொல்லம் ஆண்டுக் கணக்கோடு. லேகிய நோட்டீஸின் கடைசிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தாசில்தார்கள் எழுதிய நற்சாட்சிக் கடிதங்கள் அச்சாகுமே, அதேதான். அதற்கப்புறமும் கை பார்ப்பதில்லை. கஞ்சி வேண்டும், கூழானாலும் சரி. வெற்றிலை பாக்கு வேண்டும். சீனச் சரக்கிலே ஒரு கிள்ளு வேண்டும். தரையை மெழுகி, கோலம் போட்டு, பிள்ளையாரை வைக்கவேண்டும். பல்லி சொல்லவேண்டும், அதுவும் சொல்லுகிறது. இவ்வளவும் ஆன பிறகுதான் கையை நீட்டச் சொல்கிறாள்.

க்னாக்கின் தமுக்கு, வாத்தியார், மருந்துக்கடை எல்லாம் செய்கிற வேலையை இவள் ஒருத்தியே செய்துவிடுகிறாள். கவிராயர் இந்த முஸ்தீபுகளை எவ்வளவு நீளமாக, எவ்வளவு சந்தோஷமாக எழுதியிருக்கிறார் என்று பார்க்கவேண்டும். அவசரமே இல்லை. குறி சொல்வது கொஞ்ச நேரம். அதற்கு ஆயத்தம் செய்வதுதான் நாடகம்.

இனி பரிசோதனை. பவனியைப் பார்த்ததால் வந்த காய்ச்சல் என்று தொடங்கிச் சுற்றி வளைத்து, ஒருத்தன்மேல் ஆசை என்கிறாள். கன்னிப்பெண்ணைப் பார்த்து என்ன பேச்சு இது என்று வசந்தவல்லிக்குக் கோபம். ஆள் யார், பேரைச் சொல் என்று சவால். குறத்தி உடனே சொல்லிவிடுவதில்லை. பெண்ணைச் சேர வல்லவன் என்று சிலேடையாக ஒரு பேரைப் போட்டுப் பார்க்கிறாள். இன்னும் கொஞ்சம் கோபம். கடைசியில் திரிகூடநாதர் என்ற சொல் விழுகிறது. வசந்தவல்லி நாணித் தலை கவிழ்கிறாள். நோயாளியின் உடம்பே ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. கிரேக்க வைத்தியன் எரசிஸ்டிராட்டஸ் இளவரசன் அந்தியோக்கஸின் நாடியைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வரும்போது எவளுக்கு நாடி துள்ளுகிறது என்று பார்த்துச் சிற்றன்னைமேல் அவன் கொண்ட காதலைக் கண்டுபிடித்ததாக புளூட்டார்க் எழுதுகிறான். அவனிடம் அரண்மனை உத்தியோகம் இருந்தது. குறத்தியிடம் இருப்பது வாய் ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். குறத்தி கையாளுவது முழுக்க முழுக்க மோசடிக்காரனின் வித்தை. கேட்டே பதிலை வாங்குவது, முகத்தைப் பார்த்து அடுத்த வார்த்தையைத் தீர்மானிப்பது, பெரிய இடத்துப் பேர்கள், பல்லி. ஆனால் அவள் சொன்னது உண்மை. வசந்தவல்லிக்கு வந்திருப்பது அந்த நோய்தான், காரணம் அந்த ஆள்தான். சபைக்கு இது முதலிலேயே தெரியும்; தோழிகளுக்கும் தெரியும்; நோயாளிக்கும் தெரியும். யாருக்கும் தெரியாத எதையும் குறத்தி சொல்லவில்லை. தெரிந்ததை அதிகாரத்தோடு சொல்ல ஒரு வெளியாள் தேவைப்படுகிறது, அதற்குத்தான் கூலி. க்னாக் இல்லாத நோயை உண்டாக்கினான். மேலகரத்துக்காரி இருக்கிற நோய்க்குப் பேர் வைத்தாள். இரண்டு பேரின் காரியமும் நடப்பது ஒரே வழியில்தான் என்றால், பொய்யைவிட இது கலவரப்படுத்துகிற விஷயம். உண்மையும் அதே கடையில், அதே தராசில்தான் விற்பனையாகிறது.

கூலி என்ன என்பதையும் கவிராயர் விட்டுவிடவில்லை. பட்சி பிடிக்க வந்த சிங்கன் பெண்டாட்டியைக் காணாமல் தேடி, கடைசியில் குற்றாலத்துத் தெருவில் கண்டுபிடிக்கிறான். அவள் காலில், கையில், கழுத்தில் என்னென்னவோ மின்னுகிறது. வாழ்க்கையில் நகையே பார்த்திராதவன் ஒவ்வொன்றையும் பாம்பு என்றும் பூச்சி என்றும் நினைத்துப் பயந்து கேட்கிறான். இது சேலத்து நாட்டில் குறி சொல்லி வாங்கின சிலம்பு என்பதுபோல ஒவ்வொரு நகைக்கும் அவள் ஒரு ஊரைச் சொல்லுகிறாள். தமிழ் மேடையில் இதைப் போல ஒரு காட்சி எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு தொழிலின் கணக்குப் புத்தகம் முழுவதும் ஒரு பெண்ணின் உடம்பில் எழுதியிருக்கிறது. புருஷன் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். இரண்டு பன்றியும் இரண்டு கன்றும் வெளியேறுகிறதை ரொமேன் வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறான். நம் கவிராயர் மேடையில் நிறுத்திக் காட்டுகிறார். குறவர்களை மேலேயிருந்து பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இதில் இல்லை என்று நான் வாதாட மாட்டேன், இருக்கிறது. ஆனால் சமூகத்தின் கடைசிப் படியில் நிற்கிறவள் பெரிய வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் மனசைப் பகிரங்கமாக வாசிக்கிற அந்தச் சில நிமிஷங்கள், எந்தப் படியிலும் அடங்காதவை.

நான் உத்தியோகம் பார்க்கும் பாங்கில் நகைக்கடன் கவுண்டர் ஒன்று உண்டு. உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, எடை போட்டு, பையில் கட்டி, சீல் வைக்கிற வேலை. கடன் எதற்கு என்று ஒரு கட்டம் நிரப்பவேண்டும். விவசாயம் என்று எழுதுவது சௌகரியம். வாய்விட்டுக் கேட்டால், "ஆஸ்பத்திரிச் செலவுக்குய்யா" என்று பதில் வரும். சிங்கியின் நகைகளைத் திசைமாற்றி ஓடவிட்டதுபோல இருக்கும். அதே தாய்மார் ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். "மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு" என்பது வசவு. கைராசி என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். படிப்பு, பட்டம், மருந்து எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. அது டாக்டரின் கையில் இருப்பதாகச் சொல்லுகிறோம். நீட்டுகிற கையில்தான் இருக்கிறது.

இரண்டாவது ஹாஸ்யம் புதுமைப்பித்தனுடைய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. 1943இல் வெளிவந்தது. எத்தனையோ தடவை பேசப்பட்டுவிட்ட கதை. ஆனால் நாம் பேசியதெல்லாம் கடவுளைப் பற்றி. பிள்ளையின் உத்தியோகத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் சந்திக்கிற மூலையில் நின்று, பஸ்ஸுக்கும் காப்பிக்கும் கணக்குப் பார்க்கிற கந்தசாமிப் பிள்ளை, 'சித்த வைத்திய தீபிகை' என்ற பத்திரிகையின் ஆசிரியர். வைத்தியமும் உண்டு. மனைவி பேர் காந்திமதி. திருநெல்வேலிக்காரன் வேறு என்ன பேர் வைப்பான்? பிள்ளையின் பேருக்கு முன்னால் ஊர் நிற்கிறது: மேலகரம். ஹிந்து காலேஜில் படித்து 1931இல் பி.ஏ. வாங்கிய புதுமைப்பித்தனுக்கு மேலகரம் என்றால் யார் ஞாபகம் வரும் என்பது தெரியாதிருக்க முடியாது.

அந்தக் காலத்தின் பின்னணியும் தெரியவேண்டும். சென்னை ராஜதானியில் 1914இல் டாக்டர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. பதிவு இங்கிலீஷ் வைத்தியம் படித்தவர்களுக்குத்தான். நாடி பிடிக்கிறவனும் மந்திரிக்கிறவனும் வெளியே. சுதேச வைத்தியத்தை அரசாங்கம் ஏற்கலாமா என்று விசாரிக்க 1921இல் முகமது உஸ்மான் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் அறிக்கை 1923இல் வந்தது; க்னாக் மேடையேறிய அதே வருஷம். பிறகு சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி திறந்தது. ஆக, பிள்ளை தொழில் செய்கிற காலத்தில் அதிகாரம் என்பது மலையிலிருந்து இறங்கி, சர்ட்டிபிகேட்டுக்குள் பாதியும் அச்சு எழுத்துக்குள் பாதியுமாகப் புகுந்துகொண்டிருந்தது. பரம்பரையும் போயிற்று, பட்டமும் கிடைக்கவில்லை என்கிறவனுக்கு ஒரு பத்திரிகை போதும். அகஸ்தியரின் இடத்தை ஆசிரியர் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளை கடவுளிடமே சந்தா வசூலிக்கிறார். ஆயுள் சந்தா ரூபாய் 25. யாருடைய ஆயுள் என்று கடவுள் நியாயமாகவே ஒரு சந்தேகம் எழுப்புகிறார். உம்முடையதுமில்லை, என்னுடையதுமில்லை, பத்திரிகையின் ஆயுள் என்பது பிள்ளையின் பதில். தான் போனாலும் பத்திரிகை நடக்க ஏற்பாடு இருக்கிறதாம். சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் யாரும் இந்த இடத்தை வாய்விட்டுச் சிரித்துப் படிக்க முடியாது. அடுத்து தொழில் தர்மத்தை விளக்குகிறார். வியாதி ஒரேயடியாகத் தீர்ந்துவிடவும் கூடாது, ஆசாமி தீர்ந்துவிடவும் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, மருந்தும் கெடுதல் பண்ணாமல், வியாபாரம் ஒழுங்காக நடக்கவேண்டும். அப்படியில்லாவிட்டால் பதினைந்து வருஷம் பத்திரிகை நடத்தியிருக்க முடியுமா என்கிறார். க்னாக் மூன்று அங்கத்தில் சொன்னதைப் பிள்ளை நாலு வாக்கியத்தில், வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற லாவகத்தோடு சொல்லிவிடுகிறார். ஒரு வித்தியாசம். க்னாக்குக்கு மருத்துவம் ஒரு மதம். பிள்ளைக்கு அது குடித்தனம். அவருக்கு ஊரையே படுக்கையில் கிடத்தும் ஆசை இல்லை. மாசக் கடைசி வரை தள்ளினால் போதும். அதனால்தான் அவரை வெறுக்க முடியவில்லை. க்னாக்கைக் கண்டால் பயம் வருகிறது. பிள்ளையைக் கண்டால் நம் சித்தப்பா ஞாபகம் வருகிறது.

இந்தப் பேச்சுக்குப் பிறகு பிள்ளை கடவுளின் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். பித்தம் ஏறியிருக்கிறது என்கிறார். விஷம் சாப்பிடுகிற பழக்கமும் உண்டோ என்று மரியாதையோடு விசாரிக்கிறார். கடவுள் சிரித்துக்கொண்டு, ஆள் கெட்டிக்காரன்தான் என்று ஒப்புக்கொள்கிறார்.

ஆலகாலம் உண்டவன் கையில் நாடி வேறு எப்படிப் பேசும்? குறத்தி பிடித்தது குற்றாலநாதரை நினைத்து நோயில் விழுந்தவளின் கை. பிள்ளை பிடித்தது அந்த நாதரின் கையையே. இருநூறு வருஷத்தில் மேலகரத்தார் நோயாளியிலிருந்து நோய்க்காரணம் வரைக்கும் போய்விட்டார்கள். இரண்டு தடவையும் பரிசோதித்தவர் யோக்யதாம்சம் சந்தேகத்துக்குரியது. இரண்டு தடவையும் முடிவு சரி. வியாபாரத்துக்காகவே வியாதியை வளர்க்கிறேன் என்று ஒப்புதல் வாக்குமூலம் கொடுத்தவன் அடுத்த நிமிஷமே பிசகில்லாமல் நாடி பார்க்கிறான். இதைப் புதுமைப்பித்தன் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் கதை கெட்டிருக்கும். பிள்ளை போலியா, அசலா என்று தீர்ப்புச் சொல்ல விரும்புகிற விமர்சகர்கள் இந்த நாடியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போலிதான். அசல்தான். ஞானம் இருக்கிற இடத்திலேயே வயிறும் இருக்கிறது.

இதே கதையில் மேடையும் வருகிறது என்பதை மறக்கக்கூடாது. கடவுள் புலித்தோலும் பாம்புமாக ஒரு திவான் பகதூரின் முன்னிலையில் ஆடிக் காட்டுகிறார். அது கலையில்லை என்று துரத்தப்படுகிறார். சபா காலத்துத் தமிழ் மேடையைப் பற்றி இதைவிடக் கறாரான விமர்சனம் எழுதப்படவில்லை. பம்மல் சம்பந்த முதலியார் மோலியேரைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது எடுத்துக்கொண்டது வேலைக்காரனின் தந்திரங்களைச் சொல்லும் ஸ்காப்பெனை. அது 'காளப்பன் கள்ளத்தன'மாயிற்று. கனவான்கள் பார்க்கிற மேடையில் வேலைக்காரன் பித்தலாட்டம் செய்தால் சிரிக்கலாம். கனவான்கள் ஏன் கையை நீட்டுகிறார்கள் என்பதற்குச் சிரிப்பது கஷ்டம். குறவஞ்சி மேடையில் இருந்த அந்தத் தைரியம் மேடையைவிட்டுப் போய், சிறுகதைக்குள் ஒளிந்துகொண்டு பிழைத்தது. இன்றும் குறவஞ்சியைப் பரதநாட்டியமாக ஆடுகிறார்கள். பந்தாட்டம் இருக்கும். வசந்தவல்லியின் விரகம் விஸ்தாரமாக இருக்கும். கஞ்சியும் சீனச் சரக்கும் அபிநயத்துக்கு அழகில்லை என்று கத்தரித்துவிடுவார்கள்.

1954இல், அற்புத மருந்து விளம்பரங்களைத் தடுக்க மத்திய சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி, 1965இல் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. இரண்டும் தேவையான காரியங்கள். இவற்றால் பிழைத்த உயிர்கள் இந்த ஜில்லாவில் கொஞ்சமல்ல. கிண்டல் செய்கிற உரிமைக்காக இதை மறைப்பது அயோக்கியத்தனம். புதுமைப்பித்தனே காசநோயில் 1948இல், நாற்பத்திரண்டாவது வயதில், திருவனந்தபுரத்தில் செத்துப்போனார். அந்த நோய்க்கான சரியான மருந்து அப்போதுதான் உலகத்தில் தலைகாட்டிக்கொண்டிருந்தது. வைத்தியத்தை அவர் பரிகசித்ததாக யாராவது சொன்னால், கதையைத் திரும்பப் படிக்கச் சொல்லவேண்டியதுதான். அவர் கண் வைத்திருந்தது மருந்துமேல் இல்லை, அதைச் சுற்றி நடக்கிற கூத்தின்மேல்.

நாடகம் போடுகிற நண்பர்களுக்கு ஒரு யோசனை. சாரல் விழுகிற மாதத்தில் குற்றாலத்திலேயே, கூடாரம் எதுவும் இல்லாமல், இரண்டு காட்சிகளை மட்டும் அடுத்தடுத்துப் போடலாம். முதலில் குறவஞ்சியின் குறி, கஞ்சி கேட்பதிலிருந்து, ஒரு வரியும் வெட்டாமல். பிறகு பிள்ளை கடவுளின் நாடி பார்க்கிற இடம். குறத்தியாக வருகிறவரே கூடையை இறக்கி வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிள்ளையாகட்டும். சிங்கியின் நகைகளைக் கழற்றவேண்டாம். சட்டைக்கு உள்ளே கிடக்கட்டும். கையை நீட்டி நாடி பிடிக்கும்போது ஒரு வளை வெளியே தெரிந்தால் போதும். கடவுள் வேஷத்துக்கு ஆள் கிடைப்பது சிரமமில்லை. ரூபாய் 25க்கு ரசீது மட்டும் நிஜமான ரசீதாக இருக்கவேண்டும்.